கேம்பர்வேனில் கேஎல் முதல் பினாங்கு வரை: பறவை, மிருகக்காட்சிச்சாலைப் படங்களுக்கு என்ன ஏற்பாடு?

(இணைய மன்றத்தில் வந்த கேள்வியும் பதில்களும். ஒவ்வொரு பதிவுக்கும் மேலே இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

செந்தூல் வேன்

ஆண்டு இறுதி விடுமுறையில் கேஎல்லில் (கோலாலம்பூர்) கிளம்பி பினாங்கு வரைக்கும் வேனிலேயே தங்கிப் போகத் திட்டம். வண்டி டொயோட்டா ஹைஏஸ் உயர்கூரை வேன். உள்ளே கட்டில், சின்ன ஃபிரிட்ஜ், 100 ஏஎச் (ஆம்பியர்-மணி) லித்தியம் பேட்டரி, கூரையில் 200 வாட் சோலார். கேமரா ஏபிஎஸ்-சி, லென்ஸ் 100-400 மி.மீ. ஜூம் (400-இல் எஃப் 6.3), கூட ஒரு 50 மி.மீ. எஃப் 1.8. பட்டியலில் இருப்பவை ஜூ நெகாரா (தேசிய மிருகக்காட்சிச்சாலை), கேஎல் பறவைப் பூங்கா, கோலசிலாங்கூர், பிரேசர் மலை, தைப்பிங், பினாங்கு. கூண்டுக் கம்பியை எப்படி மறைப்பது, வேனுக்குள் இருந்தே எடுக்கலாமா, லென்ஸில் ஈரம் சேராமல் எப்படிப் பார்த்துக்கொள்வது, கரண்ட் போதுமா? வரிசையை மாற்றணும் என்றாலும் சொல்லுங்க.

மலைச்சிட்டு

வரிசையைக் கொஞ்சம் மாற்றுங்கள். கேஎல்லில் இருக்கும் இரண்டையும் வேலை நாளில் முடித்துவிட்டு முதலில் பிரேசர் மலை ஏறுங்கள். பிறகு கோலகுபு பாருவுக்கு இறங்கி மேற்குக் கரையைப் பிடித்தால் கோலசிலாங்கூர், செகிஞ்சான், தைப்பிங், பினாங்கு என்று வண்டி திரும்பி வராமல் வடக்கே போய்க்கொண்டே இருக்கும். வாரக்கடைசியில் மலைக்குப் போக வேண்டாம், நிறுத்த இடம் கிடைக்காது.

வேனில் போவதில் பெரிய லாபம் விடியற்காலைதான். டிசம்பரில் இங்கே சூரியன் உதிக்க 7 மணி தாண்டிவிடும். 7.15 முதல் 9.30 வரை உள்ள வெளிச்சம் கையில் இருந்தால் அன்றைய படங்களில் முக்கால்வாசி முடிந்த மாதிரி. அதனால் முதல் நாள் இரவே பக்கத்தில் போய்ச் சேர்ந்துவிடும்படி ஒவ்வொரு கட்டத்தையும் அமையுங்கள். பகல் 11 முதல் 3 வரை வண்டி ஓட்டுகிற நேரம். படம் எடுக்கிற நேரமாக அதை வைக்காதீர்கள்.

தைப்பிங் கூண்டு

கம்பிவலைக் கேள்விக்கு விரிவாகவே எழுதுகிறேன், பலரும் இதில்தான் தடுமாறுகிறார்கள்.

வலையை மறைப்பது லென்ஸின் விலை கிடையாது, அதன் வாயின் அகலம். ஃபோக்கல் நீளத்தை எஃப் எண்ணால் வகுங்கள். உங்கள் லென்ஸில் 400 ÷ 6.3 = 63 மி.மீ. அதையே 100-இல் எஃப் 5 வைத்தால் 20 மி.மீ.தான். கூண்டு வலையின் ஒரு கண் 25 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 20 மி.மீ. வாய்க்கு வலை தெளிவாகத் தெரியும், 63 மி.மீ. வாய்க்குக் கரைந்துவிடும். ஆகவே ஜூமை எப்போதும் நீள முனையில் வையுங்கள், அபெர்ச்சரை (வெளிச்சம் நுழையும் அந்த வாயை) முழுக்கத் திறந்து வையுங்கள். எஃப் 11-க்கு மூடினால் 36 மி.மீ. ஆகிவிடும்.

அதோடு கணக்கு முடியவில்லை. அந்த 63-ஐ, விலங்கு வலையிலிருந்து இருக்கும் தூரத்தால் பெருக்கி, விலங்கு உங்களிடமிருந்து இருக்கும் தூரத்தால் வகுக்கணும். வருகிற விடை வலைக் கண்ணைவிடப் பெரிதாக இருக்கணும். தடுப்புக் கம்பி காரணமாக நீங்கள் வலைக்கு 1.5 மீட்டர் முன்னால் நிற்கிறீர்கள். பறவை வலைக்குப் பின்னால் 6 மீட்டரில் இருந்தால் 63 × 6 ÷ 7.5 = 50 மி.மீ., வலை இருந்த தடமே தெரியாது. அதே பறவை வலைக்கு அரை மீட்டர் பின்னால் வந்து உட்கார்ந்தால் 63 × 0.5 ÷ 2 = 16 மி.மீ.; படம் முழுக்கக் கோடு கோடாக வரும். அந்த இடத்தில் எந்த லென்ஸை மாற்றியும் பெரிதாகப் பயன் இல்லை. அது உள்ளே தள்ளிப் போகும்வரை காத்திருப்பதுதான் வழி. தீனி வைக்கிற இடம், தண்ணீர்த் தொட்டி, வழக்கமாக உட்காரும் கிளை இவற்றைப் பார்த்து வைத்துக்கொண்டு, கூண்டைச் சுற்றி வந்து, அந்தக் கிளையிலிருந்து வலை அதிகத் தூரத்தில் இருக்கும் பக்கமாக நில்லுங்கள்.

அடுத்தது வலைமேல் விழும் வெயில். வெயில் பட்ட கம்பி மங்கினாலும் மறையாது, வெள்ளைப் படலமாகப் படம் முழுக்கப் பரவிவிடும். கறுப்புப் பூச்சுப் பூசிய வலை பரவாயில்லை, பளபளக்கும் துத்தநாகக் கம்பிதான் தொல்லை. லென்ஸ் பார்க்கும் பகுதி மட்டும் நிழலில் இருந்தால் போதும், கூட வருகிறவர் ஒரு கறுப்புக் குடையைப் பிடித்தால் முடிந்துவிடும். அதற்கும் வழியில்லை என்றால் எதிர்ப்பக்கம் போய்விடுங்கள்.

பின்னால் இருக்கும் வலையை மறக்காதீர்கள். விலங்குக்கும் பின்வலைக்கும் நடுவே சில மீட்டராவது இருக்கணும். வலை வழியாக எடுக்கும்போது பின்னணியில் பளிச்சென்று வானம் எட்டிப் பார்க்கும் இலை இடுக்குகள் இருந்தால், அந்த வெளிச்சப் பொட்டுகளுக்குள் வலையின் கட்டம் பதிந்து தெரியும். அடர்ந்த, இருண்ட பின்னணியாகத் தேர்ந்தெடுங்கள்.

ஃபோகஸ்: ஒற்றைப் புள்ளி. லென்ஸில் தூர வரம்பு சுவிட்ச் இருந்தால் 3 மீட்டர் முதல் முடிவிலி வரை என்று போடுங்கள், கிட்டே இருக்கும் கம்பியைக் கவ்வாது. அப்படியும் கவ்வினால் விலங்கின் தூரத்தில் உள்ள தரையில் ஒருமுறை ஃபோகஸ் பிடித்துவிட்டு மேலே தூக்குங்கள்.

தடுப்பைத் தாண்டிக் கையை நீட்டி லென்ஸை வலையில் ஒட்ட வைக்கச் சொல்வார்கள். தடுப்பே இல்லாத கூண்டில் மட்டும்தான் அது பொருந்தும். குரங்குக்கு லென்ஸ் மூடியைப் பிடுங்க ஒரு நொடி போதும்.

செந்தூல் வேன்

நன்றி அண்ணே. கண்ணாடித் தடுப்புக்கும் இதே கணக்கா?

தைப்பிங் கூண்டு

கண்ணாடிக்கு வேறு. லென்ஸில் ரப்பர் ஹூட் மாட்டி, கண்ணாடியில் ஒட்ட வைத்து, நேர் செங்குத்தாக எடுங்கள். சாய்வாகப் பார்த்தால் தடித்த கண்ணாடி படத்தின் கூர்மையைக் கெடுத்துவிடும். உங்கள் பக்கத்துக் கைரேகைகளை முதலில் துணியால் துடையுங்கள். போலரைசர் பிரதிபலிப்பைக் குறைக்கும், ஆனால் ஒன்று முதல் ஒன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் பாதி) வெளிச்சத்தைத் தின்னும், எஃப் 6.3 லென்ஸுக்கு அது கட்டாது. கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு போவது அதைவிட நல்லது. பழைய கண்ணாடியில் பச்சை சாயல் வரும் என்பதால், நிறத்தைப் பிறகு திருத்த வசதியாக ரா (RAW) கோப்பாக எடுங்கள்.

ஈப்போ தேன்சிட்டு

தம்பி, ஜூ நெகாராவுக்குப் போனால் கூண்டுகளுக்கு ஓடாமல் முதலில் ஏரிப் பக்கம் போங்க. அங்கே இருக்கும் நாரைகள் கட்டுப்பாடு இல்லாமல் பறக்கிறவை. வலையே கிடையாது. தலைக்கு மேலே பறப்பது, கூட்டுக்குக் குச்சி தூக்கிப் போவது எல்லாம் கிடைக்கும். பறக்கும்போது ஷட்டர் 1/2000, உட்கார்ந்திருந்தால் 1/500. வெயிலில் வெள்ளை இறகு வெளிறிவிடும், எக்ஸ்போஷரை மைனஸ் 0.7 வையுங்க. அதே பறவை வெள்ளை வானத்துக்கு எதிரே பறந்தால் பிளஸ் 1.

படத்துக்குப் பெயர் போடும்போது கவனம் வேணும். மார்பில் கறுப்பு வெள்ளைப் பட்டையும் வாலருகே இளஞ்சிவப்பும் இருந்தால் மஞ்சள்மூக்கு நாரை. உடம்பு முழுக்க வெள்ளையாக, சிறகோரம் மட்டும் கறுப்பாக இருந்தால் பால்நாரை. இரண்டும் கலந்து பிறந்த குஞ்சுகளும் உண்டு, அவற்றின் மார்பில் பட்டை மங்கலாக, விட்டு விட்டுத் தெரியும். பால்நாரை உலக அளவில் அருகிவரும் இனம், ஜூ நெகாரா அதை 1980-களிலிருந்து இனப்பெருக்கம் செய்து வருகிறது. கலப்புப் பறவையைப் பால்நாரை என்று போட்டால் அந்தத் தகவல் தப்பாகவே பரவும். ஐநேச்சுரலிஸ்ட்டில் (உயிரினப் பதிவுகளைப் பகிரும் இணையதளம்) ஏற்றினால் கூண்டில் வளர்வதற்கு உள்ள குறியைக் கட்டாயம் போடுங்க.

பறவைப் பூங்கா சுமார் 21 ஏக்கர். முதல் இரண்டு பகுதிகளில் மேலே வலை போட்டுப் பறவைகளைத் திறந்து விட்டிருக்கிறார்கள். அங்கே மேல்நோக்கி எடுத்தால் பின்னணியில் வலை கட்டம் கட்டமாக வரும். பாதை உயரமாகப் போகும் இடங்களில் நின்று கீழ்நோக்கியோ, மரம் பின்னால் வரும்படியோ எடுங்க. முக்காலி வேண்டாம், பாதை குறுகல். ஒற்றைக்கால் ஸ்டாண்டு போதும். இருவாய்ச்சிக்கு கறுப்பு உடம்பு, பிளஸ் 0.7 வைத்தால்தான் இறகில் விவரம் வரும்.

வயல்பருந்து

வேனுக்குள் இருந்து எடுப்பது பற்றி. செகிஞ்சான், தஞ்சோங் காராங் வயல்களில் வேன்தான் சிறந்த மறைவிடம். பூனைப்பருந்தும் கொக்கும் ஆளைக் கண்டால் பறந்துவிடும், வண்டியைக் கண்டால் பெரும்பாலும் பறக்காது. இறங்கினால் காரியம் கெட்டது.

ஆனால் ஏர்கண்டிஷன் ஓடுகிற வேனில் கண்ணாடியை இறக்கி உடனே எடுத்தால் ஒரு படம்கூடக் கூர்மையாக வராது. உள்ளே குளிர்காற்று, வெளியே சூடான காற்று. இரண்டும் சன்னலில் கலந்து, லென்ஸுக்கு முன்னாலேயே கானல் உண்டாகிறது. ஃபோகஸ் தப்பு, லென்ஸ் பழுது என்று பலர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போவது இதனால்தான். எஞ்சினையும் ஏர்கண்டிஷனையும் நிறுத்தி, இரண்டு பக்கமும் சன்னலைத் திறந்து, 10 நிமிடம் விடுங்கள். எஞ்சின் நின்றால் அதிர்வும் போகும். பானட்டுக்கு மேலே பார்த்து எடுக்காதீர்கள், அந்தச் சூடு அரைமணி நேரம் தணியாது. வயலில் 9.30-க்கு மேல் தூரத்துப் பறவை எதுவும் கூர்மையாக வராது. 30 மீட்டருக்குள் இருப்பதை மட்டும் எடுங்கள்.

சன்னல் விளிம்பில் பயறுப் பை வையுங்கள். ஒன்றரை முதல் இரண்டு கிலோ போதும், முக்கால் பங்கு நிரப்பினால்தான் லென்ஸ் உள்ளே பதிந்து உட்காரும். நிறைத்துக் கட்டினால் உருளும். அரிசி போட்டால் நம் ஊர் ஈரத்தில் வண்டு வந்துவிடும், பயணம் முடிந்ததும் கொட்டிவிடுங்கள். படம் எடுக்கும்போது பின்னால் யாரும் கட்டிலில் ஏறி இறங்கக் கூடாது, ஹைஏஸ் ஸ்பிரிங் அதை அப்படியே லென்ஸுக்குக் கொண்டுபோகும்.

லென்ஸ் டாக்டர்

ஈரம்: கேஎல் விடியற்காலைக் காற்றில் பனிநிலை (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 24 பாகை அளவில் இருக்கும். இரவு முழுக்க ஏர்கண்டிஷனை 20-இல் வைத்துத் தூங்கி, காலையில் லென்ஸை வெளியே எடுத்தால் அந்த நொடியே அதன் முன்கண்ணாடியை ஈரம் மூடிக்கொள்ளும். ஏர்கண்டிஷனை 26-இல் வைத்தால் பிரச்சனையே வராது. 20-இல்தான் தூக்கம் வரும் என்றால் கேமராப் பையைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் போட்டு, எடுப்பதற்கு 40 நிமிடம் முன்பே வெளியே வைத்து, பை சூடேறிய பிறகு திறங்கள். ஈரம் படிந்திருக்கும் நிலையில் லென்ஸைக் கழற்றவே கழற்றாதீர்கள், ஈரம் சென்சார் பக்கம் போய்விடும். பிரேசர் மலையிலிருந்து இறங்கும்போதும் இதேதான். மேலே குளிர்ந்த லென்ஸ் கோலகுபு பாரு வெக்கையில் வியர்க்கும், மலையிலேயே பையை மூடிவிடுங்கள்.

பூஞ்சைக்கு ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கணும். மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பா, அரைக்கிலோ சிலிக்கா ஜெல், உள்ளே ஒரு சின்ன ஈரமானி. ஜெல் நிறம் மாறினால் வாணலியில் சிறு தீயில் வறுத்து, ஆறவிட்டுப் போடுங்கள். 30-க்குக் கீழே போகவிட்டால் ரப்பரும் மசகும் காய்ந்துபோகும்.

ஷா ஆலாம் சோலார்

200 வாட் சோலார், 100 ஏஎச் லித்தியம் தாராளமாகப் போதும். கவலைப்பட வேண்டாம்.

வயல்பருந்து

வெயிலில் நிறுத்தினாலும் முழுக்கப் போதாது. அதிலும் பறவை எடுக்கிறவர் மரநிழலில்தான் நிறுத்துவார், அங்கே சோலார் ஐந்தில் ஒரு பங்குகூடத் தராது. கணக்குப் போடுவோம். பேட்டரி 1280 வாட்-மணி. ஃபிரிட்ஜ் இந்த வெக்கையில் நாளுக்கு 450 முதல் 500. கூரை விசிறி இரவு முழுக்க 300. மடிக்கணினியில் இரண்டு மணி நேரம் படம் பார்த்தால் 120. கேமரா பேட்டரி ஒன்று 16, நான்கு என்றால் இழப்போடு 80. மொத்தம் ஆயிரத்தைத் தொடும். முழு வெயிலில் 200 வாட் பேனல் ஒரு நாளுக்குத் தருவது 550 அளவில்தான்.

அதனால் வண்டி ஓடும்போது ஏற்றுகிற டிசி-டிசி சார்ஜர் 30 ஆம்பியர் ஒன்று போட்டுவிடுங்கள். ஒன்றரை மணி நேரம் ஓட்டினால் 600 வந்துவிடும். உங்கள் பயணத்தில் தினமும் அவ்வளவு ஓட்டம் இருக்கு. கேமரா பேட்டரியை இன்வெர்ட்டர் வழியாக ஏற்றாமல் 12 வோல்ட் யூஎஸ்பி-சி சார்ஜரில் ஏற்றுங்கள், இன்வெர்ட்டர் சும்மா இருந்தாலும் தின்னும். கூரை ஏர்கண்டிஷனை இந்த பேட்டரியில் ஓட்ட நினைக்காதீர்கள், இரண்டு மணி நேரத்தில் காலி.

ஷா ஆலாம் சோலார்

நிழல் கணக்கு சரிதான். டிசி-டிசி சார்ஜர் போடுங்க, நானும் அதையே சொல்றேன். வயர் 16 சதுர மி.மீ.க்குக் குறையக் கூடாது, பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ்.

மலைச்சிட்டு

பிரேசர் மலை. மேலே பெட்ரோல் நிலையம் இல்லை, கோலகுபு பாருவில் நிரப்பிவிடுங்கள். கேப் சந்திப்பிலிருந்து மேலே சுமார் 8 கி.மீ., ஒடுங்கிய வளைவுகள். இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல் கீழ்க் கியரில் வாருங்கள், நிறை ஏற்றிய ஹைஏஸின் பிரேக் சூடேறிப் பிடிமானம் குறையும்.

விடியலில் காட்டுப் பாதைக்குள் போகாதீர்கள். இரவு முழுக்க எரிந்த தெருவிளக்குகளுக்கும் கட்டடச் சுவர்களுக்கும் பக்கத்தில் நில்லுங்கள். விளக்குக்கு வந்த விட்டில்கள் அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கும், அதைப் பொறுக்க வெள்ளிக்காது மெசியா, நீள்வால் சிபியா, சிரிப்பான்கள் எல்லாம் இறங்கி வரும். தரையிலிருந்து ஆளுயரத்துக்குள்ளேயே உட்காரும். 8 மீட்டர் தள்ளி வேனை நிறுத்தி, பக்கக் கதவைத் திறந்து வைத்தால் 400 போதும். வெளிச்சம் குறைவு: ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு) 3200 முதல் 6400, ஷட்டர் 1/250. மங்கலாக இருக்கே என்று 1/60-க்கு இறங்காதீர்கள். ஐஎஸ்ஓ கூடியதால் படத்தில் புள்ளி இருந்தால் நீக்கிக்கொள்ளலாம், அசைந்த படத்தைச் சரிசெய்ய வழியில்லை. பிற்பகலில் மூடுபனி வந்தால் 10 மீட்டருக்குள் இருப்பதை மட்டும், பிளஸ் 1 வைத்து எடுங்கள்.

ஷா ஆலாம் சோலார்

கைப்பேசியில் குரல் போட்டால் தீக்காக்கை, ஆறுமணிக்குருவி எல்லாம் கிட்ட வரும் என்கிறார்களே?

ஈப்போ தேன்சிட்டு

வேண்டாம் தம்பி. அது தன் எல்லைக்குள் வேறொரு ஆண் வந்துவிட்டதாக நினைத்துத் தீனியை விட்டுவிட்டு, கூட்டை விட்டுவிட்டு வரும். பிரேசர் மலை மாதிரி தினமும் ஆள் வருகிற இடத்தில் ஒவ்வொருவரும் போட்டால் அந்தப் பறவை அந்த இடத்தையே விட்டுப் போய்விடும். காய்த்த அத்திமரம் ஒன்றைக் கண்டுபிடித்து ஒரு மணி நேரம் உட்காருங்க. குக்குறுவான், இருவாய்ச்சி, அணில் எல்லாம் தானே வரும்.

குரங்குக்கும் தீனி கொடுக்காதீங்க. கோலசிலாங்கூர் மலாவத்தி குன்றில் வெள்ளி லோத்தோங் (இலை தின்னும் குரங்கு) கூட்டம் ஆளுக்குப் பழகினது, 50 எஃப் 1.8 போதும். குட்டிகள் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும், கறுத்த தாயின் மடியில் அந்த நிறம் அழகாக விழும். ஆனால் நீள்வால் குரங்குகளும் அங்கே உண்டு. நகரும் சன்னலைத் தள்ளித் திறக்கத் தெரியும் அதற்கு. வேனில் பழம் வெளியே தெரியும்படி வைக்க வேண்டாம்.

பட்டர்வொர்த் உள்ளான்

கரைப்பறவை பற்றி நான் சொல்கிறேன். பினாங்கின் பெருநிலப் பக்கத்தில் தெலுக் ஆயர் தாவார் முதல் கோல மூடா வரைக்கும் உள்ள சேற்றுக்கரை வலசைப் பறவைகளுக்கு முக்கியமான இடம். நீர் வற்றியிருக்கும்போது போனால் பறவைகள் அரைக் கிலோமீட்டருக்கு அப்பால் பொட்டுப் பொட்டாகத்தான் தெரியும். நீர் ஏற ஏறத்தான் கரைக்கு நெருங்கி வரும். உச்ச நீருக்கு இரண்டு மணி நேரம் முன்பே கரையில் உட்கார்ந்துவிடணும், பறவைகள் வந்த பிறகு போனால் எல்லாம் எழும்பிவிடும்.

நம்ம கரை மேற்குப் பார்த்தது. காலையில் சூரியன் முதுகுக்குப் பின்னால், பறவைமேல் நேராக வெளிச்சம். மாலையில் எதிர்வெயில், நிழலுருவம்தான் கிடைக்கும். ஆகவே உச்ச நீர் காலை 8 முதல் 10-க்குள் வருகிற நாளைத் தேடுங்கள். அது தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும் என்பதால் இரண்டு மூன்று நாள்தான் பொருந்தும். பயணத் தேதியையே இதை வைத்து முடிவு செய்யுங்கள், மற்ற இடங்களை முன்பின் நகர்த்தலாம். அணையை விட்டுச் சேற்றில் இறங்க வேண்டாம். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்து இளைப்பாறுகிற பறவையை ஒரு படத்துக்காகக் கிளப்பிவிடுவது பாவம். வேனை மண்பாதையில் கொண்டுபோகாமல் தார் முடிகிற இடத்திலேயே விடுங்கள், மழைக்குப் பிறகு பின்சக்கரத்தால் மட்டும் ஓடும் ஹைஏஸ் அங்கே மாட்டிக்கொள்ளும். முக்காலிக் காலை அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவுங்கள், உப்பு பூட்டை இறுக்கிவிடும்.

பெனாகா பக்கம் ஆயர் ஹித்தாம் டாலாம் கல்வி வனத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பலகைப் பாதையில் நின்றே ஈப்பிடிப்பான், மீன்கொத்தி எடுக்கலாம். கொசு மருந்து தடவிய கையால் லென்ஸைத் தொடாதீர்கள், டீட் என்ற வேதிப்பொருள் உள்ள மருந்து ரப்பரையும் பிளாஸ்டிக்கையும் கரைக்கும்.

தைப்பிங் கூண்டு

தைப்பிங்குக்கு வரும்போது: காலை மிருகக்காட்சிச்சாலை, பிற்பகல் பெரும்பாலும் மழை, இரவு நைட் சஃபாரி. இரவில் ஃபிளாஷ் கூடாது. 100-400-ஐ வேனிலேயே விட்டுவிட்டு 50 எஃப் 1.8 எடுத்துப் போங்கள். ஷட்டர் 1/60, ஐஎஸ்ஓ 6400, விலங்கு தலையைத் திருப்பி நிற்கும் நொடியில் ஐந்தாறு படங்களாகத் தொடர்ந்து எடுத்தால் ஒன்று கூர்மையாக இருக்கும். விளக்குகள் மஞ்சள், வெள்ளைச் சமநிலையை (நிறச் சாயலை) அங்கேயே சரிசெய்ய முயலாதீர்கள், பிறகு கணினியில் பார்த்துக்கொள்ளலாம்.

செந்தூல் வேன்

எல்லாருக்கும் நன்றி. நீர்மட்ட அட்டவணை பார்த்து தேதியை மாற்றிக்கொள்கிறேன். கடைசிக் கேள்வி: தீவுக்கு வேனைப் படகில் ஏற்றலாமா? தீவில் எங்கே நிறுத்துவது?

பட்டர்வொர்த் உள்ளான்

2021 முதல் படகில் கார், வேன் ஏற்றுவதில்லை. மோட்டார் சைக்கிளும் நடந்து வருகிறவர்களும்தான். பாலம் வழியாக வாருங்கள். பிறை பக்கம் உள்ளது 13.5 கி.மீ., பத்து காவானிலிருந்து வரும் இரண்டாவது 24 கி.மீ. இரண்டிலும் டோல் தீவுக்குப் போகும்போது மட்டும். காற்று அடிக்கும் நாளில் உயர்கூரை வண்டி ஆடும், இடது தடத்தில் மெதுவாக.

இரவு தங்குவதைப் பெருநிலத்திலேயே வையுங்கள், கரைப்பறவை வேலை எல்லாம் இந்தப் பக்கம்தான். தீவுக்கு ஒரு பகல் போதும். கொடிமலைக்கு (பினாங்கு மலை) வேன் ஏறாது, கீழ் நிலையத்தில் விட்டுவிட்டு ரயிலில் போங்கள், முதல் ரயிலாக இருந்தால் நல்லது. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் உள்ள லோத்தோங் மேலே சாலையோர மரங்களிலேயே இருக்கும். முகம் கறுப்பு, வளையம் வெள்ளை. முகத்துக்கு அளந்து எடுத்தால் வளையம் வெளுத்துவிடும், மைனஸ் 0.3 வைத்து நிழலைப் பிறகு தூக்குங்கள். ஜார்ஜ்டவுன் அடுக்குமாடி நிறுத்துமிடங்களில் நுழையும் முன் உயரப் பலகையைப் பாருங்கள், பல இடங்களில் 2.1 மீட்டர்தான். உங்கள் வேனின் உயரத்தை, சோலார் பேனலையும் சேர்த்து அளந்து, ஸ்டியரிங் பக்கத்தில் எழுதி ஒட்டிவையுங்கள்.